‘கோ-எட்’டும் கலவன் பாடசாலையும்

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, ‘நான் படித்தது ஒரு கலவன் பாடசாலையில்’ என்று, அதாவது ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற பாடசாலையில் என்று, போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இந்த மாதம் வந்த கடிதங்கள் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். ஒரு சொல் ஏன் இப்படி ஆனது என்று யாராவது கேட்டால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, இந்த நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கோப்பாயிலிருந்து ஒரு வாசகர்: அப்பாவின் பழைய றங்குப்பெட்டியைத் துப்புரவாக்கும்போது 1950களில் வந்த ஓர் அமெரிக்கச் சஞ்சிகை கிடைத்தது. அதில் ஒரு படம். நூலகப் படிக்கட்டில் மூன்று பேர் புத்தகங்களை அணைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழே ‘மூன்று கோ-எட்கள்’ என்று போட்டிருக்கிறது. மூன்றும் பெண்பிள்ளைகள். கோ-எடுகேஷன் என்றால் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பதுதானே? பிறகேன் பெண்ணை மட்டும் அப்படிச் சொல்கிறார்கள்? ரொறொன்ரோவில் உள்ள மகனிடம் தொலைபேசியில் கேட்டேன். ‘இப்ப அப்படிச் சொல்லக் கூடாது அப்பா’ என்றான். ஏன் என்று கேட்டால் அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஐயா, மகன் சொன்னது சரி. நீங்கள் கேட்டது அதைவிடச் சரி.

கோ-எடுகேஷன் என்ற சொல் அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழக்குக்கு வந்தது. அதன் வாலை வெட்டி ‘கோ-எட்’ என்று சுருக்கியது மாணவர் வாய். 1880களில் அந்தச் சுருக்கம் அச்சிலும் ஏறிவிட்டது. முறைப்படி பார்த்தால் அது இரண்டு பேருக்கும் பொதுவான சொல். நானும் நீங்களும் சேர்ந்து ஒரு கடை நடத்தினால் நானும் பங்காளி, நீங்களும் பங்காளி. அதுபோல, சேர்ந்து படிக்கிற இடத்தில் அவனும் கோ-எட், அவளும் கோ-எட் என்றுதான் வந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. அவன் வெறும் ‘ஸ்டூடன்ட்’. அவள் மட்டும் ‘கோ-எட்’.

ஏன் என்பதற்கு ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஓபர்லின் கல்லூரிக்குப் போக வேண்டும். 1833இல் தொடங்கிய அந்தக் கல்லூரி 1837இல் நான்கு பெண்களைப் பட்டப் படிப்புக்குச் சேர்த்தது. அந்த நால்வரில் மூன்று பேர் 1841இல் பட்டம் பெற்றார்கள். அந்தக் காலத்துக்கு அது மிகப் பெரிய துணிச்சல். நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே எல்லோரும் உடலுழைப்புச் செய்து படிப்பது வழக்கம். பெண்களுக்குக் கொடுத்த உழைப்பு, ஆண் மாணவரின் உடுப்புகளைத் தோய்ப்பதும் கிழிசல் தைப்பதும். திங்கட்கிழமையில் வகுப்பு இல்லை, தோய்க்கிற நாள்.

அந்தக் கல்லூரியில் படித்த லூசி ஸ்டோன் என்ற பெண்ணைப் பற்றி நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். 1847இல் பட்டம் பெறுகிறார். பட்டமளிப்பு நாளுக்குக் கட்டுரை எழுத அவரைத் தெரிவு செய்தார்கள். ஆனால் ஆண்களும் இருக்கிற சபையில் பெண் எழுந்து வாசிக்கக் கூடாது. அவர் எழுதுவதை ஓர் ஆண் ஆசிரியர் வாசிப்பார். லூசி யோசித்துவிட்டு, ‘அப்படியானால் நான் எழுதவே மாட்டேன்’ என்று இருந்துவிட்டார். 1883இல் அதே கல்லூரி தன் ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாடியபோது, பேச்சாளர்களில் ஒருவராக அவரை மேடைக்கு அழைத்தது. முப்பத்தாறு வருடம்! இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். பின்வாங்கில் பகிடி விடுகிற பெடியள்கூடப் பேச மாட்டார்கள்.

லூசி படித்த இடத்தில் நியாயப்படி ஆணும் பெண்ணும் சமமாகச் சேர்ந்து படித்தார்கள் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அங்கே வீட்டுக்காரர் ஆண்கள். பெண்கள் வந்து சேர்ந்தவர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1870இல்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. யேல், பிரின்ஸ்டன் போன்ற பழைய பெருங்கல்லூரிகள் இளநிலைப் படிப்புக்கு அவர்களைச் சேர்க்க 1969 ஆகிவிட்டது. போன இடமெல்லாம் இதே கதைதான். வாங்கில் முதலே இருக்கிறவனுக்கு யாரும் புதிதாகப் பெயர் தேடவில்லை. வாசலால் உள்ளே வருகிறவளுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. ‘இவளால்தான் எங்கள் இடம் கோ-எடுகேஷன் ஆனது’ என்ற எண்ணத்தில் அந்தச் சொல் அவள் தலையில் ஏறிக்கொண்டது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நியூயோர்க் மாநிலத்தில் வாசர் என்றொரு கல்லூரி. பெண்களுக்கென்றே தொடங்கியது. அது 1969இல் ஆண்களையும் சேர்த்தது. அங்கே பிந்தி வந்தவர்கள் ஆண்கள். சொல்லின் கணக்குப்படி அங்கே அவர்கள்தான் கோ-எட்கள். ஆனால் அந்தப் பெடியனை வெறுமனே கோ-எட் என்று சொன்னால் யாருக்கும் விளங்கியிராது. ‘ஆண்’ என்று முன்னால் ஒரு சொல் போட்டிருக்க வேண்டும். அதற்குள் அந்தச் சொல் அவ்வளவு இறுக்கமாகப் பெண்ணோடு ஒட்டிவிட்டது.

உங்கள் அப்பா அந்தச் சஞ்சிகையை வாங்கிய காலத்தில் அது இன்னும் ஒரு படி கீழே இறங்கியிருந்தது. பத்திரிகைக்காரருக்குக் கோ-எட் என்றால் வடிவான, சிரித்த முகத்தோடு, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிற இளம்பெண். அவள் பௌதிகம் படிக்கிறாளா, சட்டம் படிக்கிறாளா என்பது படத்துக்குக் கீழே வராது. உங்கள் கையில் உள்ள படத்தை இன்னொரு முறை பாருங்கள். அந்த மூவரும் எதைப் படித்தார்கள் என்று எங்காவது போட்டிருக்கிறதா?

1972இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அரசின் பணம் பெறுகிற கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம். பிறகு ஒரு பத்து வருடத்துக்குள் அங்கே கல்லூரி மாணவர்களில் பெண்கள் பாதிக்கு மேல் வந்துவிட்டார்கள். பாதிக்கு மேலிருப்பவளை ‘வந்து சேர்ந்தவள்’ என்று எப்படிச் சொல்வது? சொல்லுக்கு அடியில் இருந்த நிலம் போய்விட்டது. இப்போது அகராதிகள் அந்தப் பொருளைப் பழைய வழக்கு என்று குறித்துவிட்டன. சிலருக்குக் கோபம் வரும் என்றும் சேர்த்துச் சொல்கின்றன. ஐயா, அது தூஷணச் சொல் இல்லை. உங்கள் மகன் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் இன்று ஒரு மாணவியைப் பார்த்து அப்படிச் சொன்னால், ‘நீ இந்த வீட்டுப் பிள்ளை இல்லை’ என்ற பழைய தொனி அதில் கேட்கும்.

சரி, இது அமெரிக்கக் கதைதானே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நம்மிடம் என்ன நடந்தது பாருங்கள். ‘ரீச்சர்’ என்றால் ஆங்கிலத்தில் படிப்பிக்கிற யாரும்தான். யாழ்ப்பாணத்தில் ‘ரீச்சர் வாறா’ என்றால் வருவது பெண். ஆண் என்றால் ‘சேர்’, அதற்கு முந்திய காலத்தில் ‘மாஸ்ரர்’, இன்னும் முன்னால் ‘வாத்தியார்’. எல்லோருக்கும் பொதுவான ஒரு சொல், கடல் தாண்டி வந்து பெண்ணின்மேல் மட்டும் உட்கார்ந்துகொண்டது. கோ-எட் போன வழியே இதுவும் போயிருக்கிறது. ஒரேயொரு வித்தியாசம். எங்களை ‘ரீச்சர்’ என்று கூப்பிட்டவர்கள் மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். இன்றைக்கும் சந்தையில் யாராவது பின்னாலிருந்து ‘ரீச்சர்!’ என்று கூப்பிட்டால் என் கால் தானாக நின்றுவிடும்.

இன்னொன்று. யாழ் இந்துக் கல்லூரி, யாழ் இந்து மகளிர் கல்லூரி. இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். மகளிர் கல்லூரி 1943இல் வந்தது. அதற்கு ‘மகளிர்’ என்ற அடைமொழி வேண்டியிருக்கிறது. முன்னையதற்கு ‘ஆண்கள்’ என்று போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அது ‘இந்துக் கல்லூரி’, அவ்வளவுதான். ஆனால் ஒரு மகளிர் பாடசாலையின் பெயரில் ஊர்ப்பெயர் முன்னுக்கு வந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். ‘அவ வேம்படி’, ‘அவ சுண்டுக்குளி’, ‘அவ உடுவில்’ என்றால் போதும். மகளிரும் வேண்டாம், லேடீஸும் வேண்டாம். வேம்படி 1834 முதல் இருக்கிறது. உடுவில் அதற்கும் முந்தியது, 1824. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியட் வின்ஸ்லோ தொடங்கிய விடுதிப் பாடசாலை. வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய செமினறி என்ற உயர்கல்விக் கூடத்தில் படிக்கிற இளைஞருக்குப் படித்த மனைவியர் வேண்டும் என்ற எண்ணமும் அதற்குப் பின்னால் இருந்தது உண்மைதான். ஆனால் உடுவிலில் படித்த பெண்கள் அந்த எண்ணத்தோடு நின்றுவிடவில்லை. அவர்கள் ஊரூராகப் போய்ப் படிப்பித்தார்கள்.

சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகி: எங்கள் ஊரில் இன்றைக்கும் ‘அ.த.க. பாடசாலை’ என்று பலகை இருக்கிறது. பேத்தி ‘க என்றால் என்ன அம்மம்மா’ என்று கேட்டாள். கலவன் என்றேன். ‘கலவரமா?’ என்று திருப்பிக் கேட்டாள். எனக்கு ஒருமாதிரியாகிவிட்டது. கலவன் என்பது ஆண்பால் சொல் மாதிரியும் இருக்கிறதே. இதுவும் கைவிட வேண்டிய சொல்தானா?

அம்மா, கைவிடாதீர்கள். தயவுசெய்து கைவிடாதீர்கள்.

முதலில் பேத்திக்குச் சொல்லவேண்டியது. அ.த.க. என்றால் அரசினர் தமிழ்க் கலவன். அ.மி.த.க. என்றால் அமெரிக்கன் மிஷன் தமிழ்க் கலவன். றோ.க.த.க. என்றால் றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன். ஆங்கிலத்தில் ஜீ.ரி.எம்.எஸ். என்று எழுதுவார்கள். அதில் ‘எம்’ என்பது மிக்ஸ்ட். பிரித்தானியர் ஆண்ட இடங்களில் மிக்ஸ்ட் ஸ்கூல் என்பதுதான் வழக்கு, அதைத்தான் தமிழில் கலவன் பாடசாலை என்றார்கள். 1960, 61இல் அரசு உதவி பெற்ற பாடசாலைகளை அரசே பொறுப்பெடுத்தது. அதற்குப் பிறகு பல பாடசாலைகள் வித்தியாலயம், மகா வித்தியாலயம் என்று பெயர் மாறின. சில பலகைகளில் மட்டும் பழைய எழுத்துகள் அப்படியே நின்றன. நான் படித்த பாடசாலையில் மிஷன் போய்ப் பல வருடத்துக்குப் பிறகும் ‘அ.மி.’ பலகையில் இருந்தது. மூன்றாம் வகுப்பில் நானும் உங்கள் பேத்தியைப்போலவே கேட்டேன். எனக்குப் பதில் சொன்னவர் ஆச்சி.

ஆச்சி பள்ளிக்கூடம் போகாதவர். அவருக்குக் கலவன் என்றால் கீரை. வளவுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, முளைக்கீரையில் ஒரு பிடி, பொன்னாங்காணி கொஞ்சம், முருங்கை இலை கொஞ்சம் என்று சேலைத் தலைப்பில் கட்டிக்கொண்டு வருவார். சுளகில் கொட்டினால் எல்லாம் ஒரே பச்சையாகத் தெரியும். கிட்டப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு. அது கலவன் கீரை. ஒடியல் கூழுக்கு வாங்குகிற பலசாதி மீனையும் கலவன் என்றே சொல்வார். என் கேள்விக்கு அவர் சொன்ன பதில் இதுதான்: ‘பெடியளும் பெட்டையளும் ஒரு சுளகிலை கிடக்கிறியள், அதுதான் மோனை.’

ஒரு மொழிபெயர்ப்பாளர் மேசையில் உட்கார்ந்து தேடியிருந்தால் கலப்பு என்று எழுதியிருக்கலாம். எழுதாமல் விட்டது எவ்வளவு நல்லது! கலப்பு என்றவுடன் நமக்குக் கலப்படம் ஞாபகம் வரும், பாலில் தண்ணீர் ஞாபகம் வரும். கலப்புத் திருமணம் என்ற சொல்லைச் சிலர் எந்தத் தொனியில் உச்சரிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சுத்தமான ஒன்று கெட்டுப்போனது போன்ற ஒரு குற்றச்சாட்டு அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. கலவனில் அது இல்லை. கலவன் கீரையில் எந்தக் கீரையும் எந்தக் கீரையையும் கெடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் இருபாலர் பள்ளி என்கிறார்கள். பிழையில்லாத, தெளிவான சொல். ஆனால் அது முதலில் இரண்டு என்று எண்ணிவிட்டுத்தான் உள்ளே விடுகிறது. எனக்குக் கலவன்தான் விருப்பம். இதில் நான் நடுநிலைக்காரி இல்லை.

ஆண்பால் பற்றிக் கேட்டீர்கள். ‘ன்’ என்று முடிந்தால் ஆண் என்பது மனிதருக்குத்தான். மொந்தன் ஒரு வாழை. மொட்டைக்கறுப்பன் ஒரு நெல். கறுத்தக்கொழும்பான் ஒரு மாம்பழம், அதுவும் எப்படிப்பட்ட மாம்பழம்! யாரும் அவற்றை ‘அவன்’ என்பதில்லை. கலவனும் அந்தக் கூட்டம்தான்.

இனிக் கோ-எட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. கோ-எட் என்ற சொல் பாடசாலையை விட்டிறங்கிப் பெண்ணின்மேல் ஏறியது. கலவன் பாடசாலையோடேயே நின்றது. ‘அங்கே ஒரு கலவன் போகிறாள்’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இல்லை. கலந்தது என்றால் முழுப் பாடசாலையும் கலந்தது. அதில் பெண் மட்டும் பிறத்தியாள் இல்லை. அந்தச் சொல்லை முதலில் பலகையில் எழுதியவர் யாரென்றாலும் அவருக்கு நான் கடமைப்பட்டவள்.

ஆனால் சொல் நல்லது என்பதால் வகுப்பறையும் அப்படியே இருந்தது என்று எழுதினால் அது பொய். எங்கள் வகுப்பில் இடப்பக்க வாங்குகள் பெடியளுக்கு, வலப்பக்கம் எங்களுக்கு. நடுவில் வாத்தியார் பிரம்போடு நடந்துபோகிற அகலத்துக்கு ஓர் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் அழிறப்பர் விழுந்தால் எடுத்துக்கொடுக்க இரண்டு பக்கமும் தயங்கும். அப்புறம் ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரிசில் வந்துவிடும். கெட்டிக்காரர் பட்டணத்துக்குப் போய்விடுவார்கள், ஆண்கள் ஒரு கல்லூரிக்கு, பெண்கள் ஒரு கல்லூரிக்கு. அதனால்தான் ‘கலவன்’ என்றால் சின்னப் பாடசாலை, ஊர்ப் பாடசாலை, வசதியில்லாத பாடசாலை என்று ஒரு நினைப்பு நம் சனத்திடம் ஒட்டிக்கொண்டது. சொல் பழசாகிப்போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன், அதன் பொருளில் ஒரு குறையும் இல்லை. தெல்லிப்பழையில் மகாஜனாவும் யூனியன் கல்லூரியும், சுன்னாகத்தில் ஸ்கந்தவரோதயாவும், கொக்குவில் இந்துவும் கலவன் பாடசாலைகளே. மகாஜனா என்றால் பெண்கள் உதைபந்தாட்டம் என்று நாடே சொல்கிறது. அவற்றைப் பற்றிப் பேசும்போது யாரும் கலவன் என்று சொல்வதில்லை. பெரிய பெயர் வந்தவுடன் அந்தச் சொல்லைக் கழற்றி வைத்துவிடுகிறோம். அரசாங்கப் படிவத்தில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆண், பெண், கலவன் என்று மூன்று கட்டங்கள். நாட்டின் பாடசாலைகளில் மிகப் பெரும்பான்மை அந்த மூன்றாவது கட்டத்துக்குள்தான்.

கட்டம் என்றதும் என் மனதில் கிடக்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

1991. மின்சாரம் இல்லாத காலம். ஒரு கலவன் பாடசாலையில் ஆறாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியை. புது வருடத்துக்குப் புது இடாப்பு எழுத வேண்டும். வழக்கம் என்னவென்றால், முதலில் பெடியளின் பெயர்களை அகரவரிசையில் எழுதி, பிறகு ஒரு கோடு கீறி, அதன் கீழே பெட்டையளின் பெயர்கள். என் வகுப்பில் 38 பிள்ளைகள். 17 ஆண், 21 பெண். எண்ணிக்கையில் பெண்கள்தான் கூட. ஆனாலும் அவர்களின் இலக்கம் 18இல்தான் தொடங்கும். நான் படித்த காலத்தில் என்னுடைய இலக்கம் 23. என் பெயர் ‘அ’வில் தொடங்குகிறது. ஐந்து வருடமும் ‘உள்ளேன்’ சொல்ல, பெடியள் எல்லோரும் முடியும்வரை காத்திருந்தேன்.

அதனால் அந்த வருடம் நான் கோடு கீறவில்லை. 38 பெயரையும் ஒரே அகரவரிசையில் கலந்து எழுதினேன். இடாப்பை ஒப்பமிடக் கொண்டுபோனபோது அதிபர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். ‘என்ன ரீச்சர், பெடியளையும் பெட்டையளையும் கலந்து போட்டிருக்கிறியள்?’ என்று கேட்டார். ‘கலவன் பாடசாலைதானே சேர்’ என்றேன். அவர் கோபிக்கவில்லை. மாத முடிவில் ஆண் வரவு, பெண் வரவு என்று தனித்தனியாகக் கூட்டிக் கந்தோருக்கு அனுப்ப வேண்டும், கலந்து கிடந்தால் கூட்டுவது கரைச்சல், திருப்பி எழுதுங்கள் என்றார். அவர் சொன்ன காரணம் ஒரு காரணம்தான், அதை மறுக்க மாட்டேன். அன்றிரவு ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் 38 பெயரையும் திருப்பி எழுதினேன். பதினேழாவது பெயருக்குக் கீழே அடிமட்டத்தை வைத்துக் கோடு கீறும்போது என் கை நின்றது. மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு விளக்கை எரியவிட்டுக்கொண்டு யோசித்திருக்க முடியாது. கீறிவிட்டேன். அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

கோ-எட் என்ற சொல்லின் கதையைப் பிற்பாடு வாசித்தபோது எனக்கு உடனே விளங்கியதற்குக் காரணம் அந்தக் கோடுதான்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர்: பேத்திக்கு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதிப் படிவத்தில் ‘கோ-எட்’ என்று போட்டிருக்கிறது. அமெரிக்காவில் கோ-எட் என்றால் மாணவி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் அது பெண்கள் விடுதி என்றுதானே ஆகிறது? அவளுடைய தாய் அப்படி நினைத்து நிம்மதியாக இருக்கிறாள்.

தாயிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் ஐயா. அது பெண்கள் விடுதி இல்லை. ஆணும் பெண்ணும் தங்குகிற விடுதி.

பெயர்ச்சொல்லாக நின்ற கோ-எட் பழசாகிப் போனது. ‘எப்படிப்பட்ட’ என்று சொல்கிற அடைமொழியாக அது இன்றைக்கும் நல்ல உயிரோடு இருக்கிறது. கோ-எட் விடுதி, கோ-எட் அணி, கோ-எட் பாடசாலை என்றால் இருபாலாருக்கும் உரியது. ஆளை விட்டு இடத்துக்கு வந்திருக்கிறது. நம்முடைய கலவன் முதலிலிருந்தே நின்ற இடத்துக்கு, ஒரு நூற்றாண்டு சுற்றிவிட்டு வந்து சேர்ந்திருக்கிறது என்று சொன்னாலும் தகும். இதிலும் ஓபர்லின் வருகிறது. 1970இல் அங்கே ஆணும் பெண்ணும் ஒரே விடுதியில் தங்கத் தொடங்கியது அமெரிக்கா முழுக்கப் பெரிய பேச்சானது.

எல்லா விடுதியும் ஒரே மாதிரி இல்லை. சில இடங்களில் மாடிக்கு மாடி பிரித்திருப்பார்கள், சில இடங்களில் ஒரே தளத்தில் அறைக்கு அறை மாறி வரும். குளியலறை எப்படி என்றும் கேட்க வேண்டும். பெண்களுக்கு மட்டுமான விடுதியும் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. படிவத்தை நிரப்ப முன்னர் பேத்தியே மின்னஞ்சல் எழுதிக் கேட்கட்டும். தாய் கேட்பதைவிட அவள் கேட்பது நல்லது. தங்கப்போவது அவள்தானே.

மானிப்பாயிலிருந்து ஒரு வாசகர்: அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போன பெரியப்பாவின் கடிதங்களைத் தமிழாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முயல்கிறேன். அவர் ‘கோ-எட்’ என்று நிறைய இடத்தில் எழுதியிருக்கிறார். எப்படித் தமிழில் போடுவது?

அருமையான வேலை செய்கிறீர்கள் தம்பி. பெரும்பாலான இடத்தில் ‘மாணவி’ போதும். தமிழில் மாணவன், மாணவி என்று இரண்டும் ஒரே அடியிலிருந்து கிளைத்தவை. கோ-எட்டில் உள்ள பாரபட்சம் அதில் வராது. அது தமிழுக்கு நல்லது. ஆனால் பெரியப்பாவின் குரலுக்கு நட்டம் வரலாம். அவர் பகிடியாக, ஒரு இளைஞனின் வியப்போடு எழுதிய இடம் என்றால் ‘கோ-எட்’ என்றே வைத்துவிட்டு, முதல் தரம் வரும்போது ஒரு வரியில் விளக்கம் எழுதுங்கள். அவரை இன்றைய ஆளாகத் திருத்தி எழுத வேண்டாம். இருந்தபடி இருக்கட்டும்.

‘இருபாலர்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். ‘வகுப்பில் என் பக்கத்தில் ஓர் இருபாலர் உட்கார்ந்திருந்தாள்’ என்று வந்துவிடும். அவசரத்தில் மொழிபெயர்த்த இடங்களில் இதுபோன்ற வசனங்களை நானே கண்டிருக்கிறேன்.

இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். பெரியப்பா யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதும் இடங்களில் ‘போய்ஸ்’ என்றால் எப்போதும் ஆண்களை மட்டும் குறிக்காது. நாங்களே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவரைக் ‘கம்பஸ் பெடியள்’ என்று சொல்லும்போது அதற்குள் பெண்களையும் அடக்கித்தானே சொல்கிறோம். அந்தக் கம்பஸின் நிலத்துக்கே ஒரு கதை உண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென்று இராமநாதன் கல்லூரியைக் கட்டினார். 1921இல் திருநெல்வேலியில் ஆண்களுக்கென்று பரமேஸ்வராக் கல்லூரியைக் கட்டினார். இரண்டுக்கும் நடுவே சில மைல் தூரம். 1974இல் யாழ்ப்பாண வளாகம் வந்தபோது, அந்த ஆண்கள் கல்லூரி இருந்த வளவில்தான் ஆணும் பெண்ணும் வந்து ஒன்றாக உட்கார்ந்தார்கள். இன்று இலங்கையின் பல்கலைக்கழகங்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனாலும் ‘பெடியள் ஸ்ட்றைக்’ என்றுதான் இன்னும் சொல்கிறோம்.

ஆகவே தம்பி, ‘போய்ஸ்’ வருகிற இடத்தில் நின்று, அந்தக் கூட்டத்தில் பெண்கள் இருந்தார்களா என்று முன்பின் வரிகளைப் பாருங்கள். இருந்திருந்தால் ‘பிள்ளைகள்’ என்று எழுதுங்கள். ஐயம் வருகிற கடிதங்களின் பிரதியை எனக்கும் அனுப்பிவையுங்கள், சேர்ந்து பார்ப்போம்.